‘சொந்த நடையில் எழுதுக’ என்று பணிக்கும் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறிவியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மாணவர்களை ஆய்வுக்கட்டுரை எழுதிவரச் சொல்லும்போது, தலைப்புக்குக் கீழே நாம் தவறாமல் சேர்க்கும் ஒரு வரி உண்டு: ‘புத்தகத்தையோ இணையத்தையோ பார்த்து எழுதாமல் சொந்த நடையில் எழுதுக.’ அந்த வரியை நானும் பல ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். அதை மீறியவர்களின் தாள்களில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன், மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன், சிலரை வகுப்பின் முன் நிறுத்திக் கடிந்துகொண்டதும் உண்டு. ஆனால் சொந்த நடையில் எழுதுவது எப்படி என்று ஒரே ஒரு பாடவேளையாவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேனா என்று என்னையே கேட்டுக்கொண்டபோது, இல்லை என்ற பதில்தான் வந்தது. கற்பிக்காத ஒன்றுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். அதைவிடவும் என்னை உறுத்தியது வேறொன்று. நம் அந்த ஒற்றை வரியை மாணவர்கள் நேர்மையாகப் பின்பற்ற முயலும்போதுதான் அவர்கள் எழுதும் அறிவியல் பிழையாகிப்போகிறது.

எப்படி என்று சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர், பனிக்கட்டி ஏன் நீரில் மிதக்கிறது என்பதைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்தார். பாடநூலின் வாக்கியம் ஒன்று அதில் அப்படியே இடம்பெற்றிருந்தது: ‘நீரின் அடர்த்தி 4 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் உச்சத்தை அடைகிறது; உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுகிறது.’ ஓரத்தில் ‘இது உன் நடை அன்று, மாற்றி எழுது’ என்று குறித்துத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்த தாளில் இப்படி இருந்தது: ‘தண்ணீரின் செறிவு 4 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சிகரத்தைத் தொடுகிறது, இறுகிப் பனிக்கட்டியாகும்போது அதன் பரப்பு சுமார் 9 சதவீதம் அதிகரிக்கிறது.’

அவர் நான் கேட்டதைத்தான் செய்திருந்தார். ஏறக்குறைய எல்லாச் சொற்களையும் மாற்றியிருந்தார். அடர்த்தி செறிவாகியிருந்தது, வெப்பநிலை வெப்பமாகியிருந்தது, பருமன் பரப்பாகியிருந்தது. முதல் தாளில் இருந்தது வேறொருவரின் வாக்கியம் என்றாலும் அதில் அறிவியல் சரியாக இருந்தது. இரண்டாம் தாளில் மூன்று இடங்களில் தவறு. ஒரு பொருளின் நிறையை அதன் பருமனால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி. ஒரு கரைசலில் கரைபொருள் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது செறிவு. வெப்பநிலை என்பது வெப்பமானியில் நாம் படிக்கும் அளவு; வெப்பம் என்பது சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குக் கடத்தப்படும் ஆற்றல். பருமனுக்கும் பரப்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லத் தேவையில்லை. காப்பியடித்தலைக் கண்டறியும் மென்பொருளில் இரண்டாம் தாளைப் போட்டால் அது தூய்மையானது என்றே காட்டியிருக்கும்.

ஒரு பொருளுக்குப் பல சொற்கள் இருப்பது நம் மொழியின் செல்வம். செய்யுள் எழுதுபவருக்கு அது வரம். ஆய்வுக்கூடத்திலோ அதுவே பொறியாகிவிடுகிறது. எடையும் நிறையும் அன்றாடப் பேச்சில் ஒன்றே. இயற்பியலில் எடை என்பது ஒரு விசை, நியூட்டனில் அளக்கப்படுவது, நிறையோ கிலோகிராமில் அளக்கப்படுவது. வேகத்துக்குப் பதில் திசைவேகம் என்று எழுதினால் நடை உயர்ந்ததாக ஒரு மாணவருக்குத் தோன்றலாம், ஆனால் அவர் திசையையும் சேர்த்துச் சொன்னதாக ஆகிவிடும். விசை, ஆற்றல், திறன் மூன்றையும் அகராதியில் தேடிப் பாருங்கள். ‘வலிமை’ என்ற பொதுப்பொருளை ஒட்டியே மூன்றும் நிற்கும். வகுப்பறையில் அவை மூன்றுக்கும் அலகுகளே வேறு: நியூட்டன், ஜூல், வாட். கலைச்சொல்லை மாற்றக் கூடாது, எண்ணையும் அலகையும் மாற்றக் கூடாது, இவை எவருடைய நடைக்கும் உரியவை அல்ல, எல்லோருக்கும் பொதுவானவை என்று நாம் வாய்திறந்து சொன்னதே இல்லை. சொல்லாதபோது, ‘சொந்த நடை’ என்பதை ‘வேறு சொற்கள்’ என்று அவர்கள் புரிந்துகொள்வதில் வியப்பென்ன இருக்கிறது?

இது பள்ளி மாணவர்களோடு நிற்கும் தவறு என்று எண்ண வேண்டாம். 2021ஆம் ஆண்டில் கியோம் கபனாக், சிரில் லாபே, அலெக்சாண்டர் மகசினோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள், வெளியாகிவிட்ட ஆய்விதழ்க் கட்டுரைகளுக்குள் விசித்திரமான சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு தொகுக்கத் தொடங்கினார்கள். ‘செயற்கை நுண்ணறிவு’ என்று இருக்க வேண்டிய இடத்தில், தமிழில் சொல்வதானால், ‘போலிப் பிரக்ஞை’ என்று இருந்தது. ‘பெருந்தரவு’ ‘பிரம்மாண்டத் தகவல்’ ஆகியிருந்தது. மார்பகப் புற்றுநோய் ‘நெஞ்சகப் பேராபத்து’ என்று மாறியிருந்த கட்டுரைகளும் பின்னர் அகப்பட்டன. பிறர் எழுதியதை எடுத்து, சொல்மாற்றி மென்பொருளில் போட்டு, காப்பி என்று பிடிபடாமல் இருக்கச் செய்த வேலை என்பதே அவர்களின் கணிப்பு. இத்தகைய தொடர்களுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சித்திரவதைக்கு உள்ளான சொற்றொடர்கள்’. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது செறிவும் பரப்பும்தான். அந்தக் கட்டுரையாளர்கள் ஏமாற்ற எண்ணினார்கள், என் மாணவி கீழ்ப்படிய எண்ணினார். ஆனால் இரு தரப்பும் செய்த வேலை ஒன்றே, அதை என் மாணவிக்குக் கற்றுக்கொடுத்தது நான்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும், அது தமிழில் எழுதும் மாணவர்களிடம் அதிகம். ஆங்கிலத்தில் உள்ள ஒரு பத்தியை வரிக்கு வரி தமிழாக்கிவிட்டால் அது தம்முடையதாகிவிடும் என்று அவர்கள் நம்புகிறார்கள். மென்பொருளும் அதைப் பெரும்பாலும் பிடிப்பதில்லை, நாமும் ‘நல்ல உழைப்பு’ என்று பாராட்டிவிடுகிறோம். உழைப்பு உண்டுதான். ஆயினும் எதை முதலில் சொல்வது, எதை விடுவது, எந்த எடுத்துக்காட்டை எடுப்பது என்ற முடிவுகள் எல்லாம் மூல ஆசிரியருடையவை. மாணவர் செய்தது மொழிபெயர்ப்பு, அதை மொழிபெயர்ப்பு என்று சொல்லி மூலத்தின் பெயரைத் தந்தால்தான் அது நேர்மையாகும். நம் இலக்கண மரபு முதல்நூல், வழிநூல் என்று பிரித்தபோதே, வழிநூல் முதல்நூலின் முடிபோடு ஒத்துப்போனாலும் பின்னவர் வேண்டிய வேறுபாட்டைக் கூற வேண்டும் என்று விதித்திருக்கிறது. அந்த வேறுபாடு எங்கிருந்து வரும் என்பதே கேள்வி.

அதற்குப் போவதற்கு முன், கடிந்துகொள்வதைப் பற்றி ஒரு சொல். மூலத்தின் வாக்கிய அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு அங்கொரு சொல்லும் இங்கொரு சொல்லுமாக மாற்றி ஒட்டுப்போடுவதற்கு, எழுத்துக் கல்வி ஆய்வாளரான ரெபெக்கா மூர் ஹோவர்ட் 1990களின் தொடக்கத்தில் தனியாக ஒரு பெயரே கொடுத்தார். ஒட்டுத்துணித் தைப்பு போன்ற அந்த எழுத்தை அவர் திருட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. புரியாத ஒரு துறையின் மொழிக்குள் முதன்முதலாக நுழைபவர் தட்டுத்தடுமாறி நடக்கும் நடையாகவே பார்த்தார். நான் இதை முழுமையாக ஏற்கிறேன். ஒட்டுப்போட்ட பத்தி ஒன்றைப் பார்த்தால், அந்த மாணவருக்கு எந்த வரி புரிந்தது, எந்த வரி புரியவில்லை என்பதைத் தையல் விழுந்த இடத்தை வைத்தே சொல்லிவிடலாம். புரிந்த இடத்தில் வாக்கியம் இளகி ஓடும். புரியாத இடத்தில் மூலத்தின் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த நோய்க்குறி கிடைக்காது. நாமோ அதன்மேல் சிவப்புக் கோடு கிழித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறோம்.

அன்று என் மாணவியை அழைத்து, புத்தகத்தையும் தாளையும் மூடிவைத்துவிட்டு, பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்று வாயால் சொல்லச் சொன்னேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு கைகளை நெருக்கியும் விரித்தும் காட்டிக்கொண்டே சொன்னார்: “தண்ணியா இருக்கும்போது மூலக்கூறெல்லாம் இடிச்சுக்கிட்டு நகருது, டீச்சர். உறைஞ்சா ஒண்ணு நாலு பேர் கையைப் பிடிச்சுக்கிட்டு தள்ளி நின்னுடுது. நடுவுல சும்மா இடம். அதனாலதான் பெருசாகுது.” சொன்னதை அப்படியே எழுதி, பிறகு புத்தகத்தைத் திறந்து பிழை பார்க்கச் சொன்னேன். அவர் எழுதியது: ‘திரவ நிலையில் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நகர்கின்றன. உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் ஹைட்ரஜன் பிணைப்பால் அண்டையிலுள்ள நான்கு மூலக்கூறுகளோடு இணைந்து, குறிப்பிட்ட இடைவெளியில் நிலைத்துவிடுகிறது. அதனால் நடுவே வெற்றிடம் உண்டாகிறது, அதே நிறைக்கு அதிகப் பருமன் தேவைப்படுகிறது, அடர்த்தி குறைகிறது.’

நிறை, பருமன், அடர்த்தி, ஹைட்ரஜன் பிணைப்பு ஆகிய சொற்கள் எல்லாம் பாடநூலில் உள்ளவையே. அவற்றில் ஒன்றைக்கூட அவர் மாற்றவில்லை. ஆனால் அந்த ‘அதனால்’ அவருடையது. பாடநூல் அடர்த்தியை ஒரு புறமும் பருமன் கூடுவதை மறுபுறமும் வைத்து நடுவே ஓர் அரைப்புள்ளியைப் போட்டிருந்தது; ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று தைத்தவர் என் மாணவி. ஓர் அறிவியல் கட்டுரையில் எழுதுபவருக்குச் சொந்தமானது பெயர்ச்சொற்களில் இல்லை, ‘அதனால்’, ‘ஆனால்’, ‘எனினும்’, ‘இதற்கு மாறாக’ போன்ற இணைப்புச் சொற்களில்தான் இருக்கிறது என்று அன்று எனக்குத் தெளிவாயிற்று. அதன் பிறகு கட்டுரை திருத்த உட்காரும்போது முதலில் இணைப்புச் சொற்களுக்கு அடியில்தான் கோடிடுகிறேன். பார்த்தெழுதிய கட்டுரையில் அவை மிகக் குறைவாக இருக்கும், அல்லது பொருந்தாத இடத்தில் வந்து விழித்துக்கொண்டிருக்கும்.

மூடிவைத்துவிட்டு எழுதும் இந்த முறை புதியது ஒன்றும் அன்று. பழைய ஆசிரியர்கள் ‘பார்க்காமல் சொல்’ என்று கேட்டதன் எழுத்து வடிவம். இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. உளவியலாளர்களான ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஓர் உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். நடைக்காக நாம் வற்புறுத்தும் பழக்கம் பாடத்தையும் மனத்தில் நிறுத்துகிறது. குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் மூலத்தின் வரியை மேற்கோள் குறிக்குள், பக்க எண்ணோடு எழுதவும், வலப்பக்கத்தில் மூடிவைத்துவிட்டுத் தாம் புரிந்துகொண்டதை எழுதவும் பழக்கினால், பத்து நாள் கழித்துக் கட்டுரை எழுதும்போது எது தம் வரி, எது பிறர் வரி என்ற குழப்பம் வராது. தெரியாமல் நடக்கும் காப்பியில் பெரும்பகுதி குறிப்பெடுக்கும் அன்றே நடந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

தம் நடையில் எழுதிவிட்டால் மூலத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்ற எண்ணமும் மாணவர்களிடம் ஊறிக்கிடக்கிறது. வாக்கியம் தம்முடையதாக இருக்கலாம். பனிக்கட்டியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.917 கிராம் என்பதை அவர்கள் அளக்கவில்லை, வேறொருவர் அளந்தார். அளந்தவரை, அல்லது அந்த எண்ணைத் தாம் படித்த நூலைச் சுட்டுவது குற்ற ஒப்புதல் அன்று; வாசகர் அங்கே போய்ச் சரிபார்த்துக்கொள்ளத் தரும் வழி. ‘விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்’, ‘ஆய்வுகள் கூறுகின்றன’ என்று எழுதுபவர்களிடம், எந்த விஞ்ஞானி, எந்த ஆய்வு என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், கட்டுரையின் பாதிப் புகைமூட்டம் கலைந்துவிடும்.

அப்படிச் சுட்டும்போது, தாம் உண்மையில் படித்ததைத்தான் சுட்ட வேண்டும். பெரியவர்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள். மிகெயில் சிம்கின், வ்வானி ராய்சௌத்ரி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2003இல், புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரையை மேற்கோள் காட்டிய சுமார் 4300 இடங்களை ஆராய்ந்தார்கள். 196 இடங்களில் தொகுதி எண்ணோ பக்க எண்ணோ ஆண்டோ தவறாக அச்சாகியிருந்தது. ஆனால் வெவ்வேறான பிழைகள் 45 மட்டுமே. ஒரே ஒரு பிழை 78 முறை அப்படியே திரும்ப வந்திருந்தது. மூலத்தை எடுத்துப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஒரே பக்க எண்ணைத் தவறாக எழுதுவது எப்படி நடக்கும்? பிறர் கட்டுரையின் பின்பக்கப் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பசலைக்கீரையின் கதை இன்னும் சுவையானது. தசமப்புள்ளி இடம் மாறியதால்தான் அதில் இரும்புச்சத்து மிகுதி என்ற பெயர் வந்தது என்று, கவனக்குறைவுக்கு எடுத்துக்காட்டாகப் பல நூல்களில் சொல்லப்பட்டு வந்தது. 2010இல் குற்றவியல் ஆய்வாளர் மைக் சட்டன் தேடிப் பார்த்தபோது, அந்தத் தசமப்புள்ளிக் கதைக்கே ஆதாரம் கிடைக்கவில்லை. கவனக்குறைவைக் கண்டித்தவர்களே மூலத்தைப் பார்க்காமல் எழுதியிருந்தார்கள். இதை நான் வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுத் தங்கள் பட்டியலைத் திருத்த ஆரம்பிப்பார்கள்.

மென்பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அவற்றை நம்பி நாம் நம் வேலையை ஒப்படைத்துவிட்டோம் என்பதே என் வருத்தம். ஒப்புமை விழுக்காடு என்று ஓர் எண்ணை அவை தருகின்றன. அது சொற்கோவைகள் எங்கெங்கே ஒத்திருக்கின்றன என்று காட்டும் எண்ணேயன்றித் தீர்ப்பு அன்று. ‘ஒவ்வோர் அளவீடும் மூன்று முறை எடுக்கப்பட்டு அவற்றின் சராசரி கணக்கிடப்பட்டது’ என்ற வரி ஆயிரம் கட்டுரைகளில் இருக்கும். செய்முறைப் பகுதியில் அப்படித்தான் எழுதவும் வேண்டும், அதை அலங்காரமாக மாற்றி எழுதுவதில் யாருக்கும் பயனில்லை. எழுதியது இயந்திரமா மனிதரா என்று சொல்வதாகக் கூறும் கருவிகளின் நிலையோ இன்னும் மோசம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட அத்தகைய கருவியை, துல்லியம் குறைவு என்று கூறி அதே ஆண்டு ஜூலையில் தானே விலக்கிக்கொண்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தாமே எழுதிய ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் இயந்திரம் எழுதியதாகச் சொன்னதையும் அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எளிய சொற்களில், குட்டி வாக்கியங்களில் நேர்மையாக எழுதிய ஒரு குழந்தையை ஓர் எண்ணை வைத்து நாம் பொய்யராக்கிவிடக் கூடாது. ஐயம் இருந்தால் அழைத்து எதிரே உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேசுங்கள். எழுதியவருக்குத் தம் ‘அதனால்’ எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

கடைசியாக, நாம் கொடுக்கும் தலைப்புகள். ‘ஒளிச்சேர்க்கை’, ‘நீரின் பண்புகள்’, ‘அமிலங்களும் காரங்களும்’, ‘புவி வெப்பமயமாதல்’. இவற்றைப் பற்றி எல்லாமே எழுதப்பட்டுவிட்டன, நம்மைவிட நன்றாகவும் எழுதப்பட்டுவிட்டன. ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை அவற்றைப் படித்துவிட்டு என்ன புதிதாகச் சொல்லிவிட முடியும்? காப்பியடிப்பதற்கென்றே வடிவமைத்த தலைப்புகளைக் கொடுத்துவிட்டுக் காப்பியடிக்காதே என்கிறோம். தலைப்புக்குப் பதில் ஒரு கேள்வியைக் கொடுத்தால், அதுவும் மாணவரே எழுப்பிய கேள்வியாக இருந்தால், படித்தவை எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித் தாமாகவே வேறு வரிசையில் அடுக்கிக்கொள்கின்றன. வழிநூலுக்கு வேண்டிய வேறுபாடு வருவது அங்கிருந்துதான்.

பனிக்கட்டிக் கட்டுரையை மூன்றாம் முறை கொடுத்துவிட்டுப் போகும்போது அந்த மாணவி, “உப்புத் தண்ணிக்கும் 9 விழுக்காடுதானா, டீச்சர்?” என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. அதையே அவருடைய அடுத்த கட்டுரையின் தலைப்பாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குவளைகளில் நூறு நூறு மில்லிலிட்டர் எடுத்து, ஒன்றில் நல்ல நீர், மற்றவற்றில் வெவ்வேறு அளவு உப்புக் கரைத்த நீர் என்று உறையவைத்து, மும்மூன்று முறை அளந்தார். அந்தக் கட்டுரையில் ‘செறிவு’ என்ற சொல் பதினொரு முறை வந்தது. பதினொரு முறையும் சரியான இடத்தில் வந்தது.

ஆகவே என் வேண்டுகோள் பெரியதன்று. அடுத்த ஆய்வுக்கட்டுரைக்கு நாள் குறிக்கும்போது, அதிலிருந்து இரண்டு பாடவேளைகளை எடுத்து வகுப்பிலேயே குறிப்பெடுக்கவும் மூடிவைத்து எழுதவும் கொடுங்கள். இருபது பக்கம் கேட்பதை விட்டு நான்கு பக்கம் கேளுங்கள்; நான்கு பக்கத்தை நம்மால் உண்மையாகவே படித்துத் திருத்த முடியும். கையெழுத்துக்கும் அட்டைப்படத்துக்கும் ஒதுக்கும் மதிப்பெண்ணைக் குறிப்பேட்டுக்கும் அந்த ஐந்து நிமிட உரையாடலுக்கும் மாற்றுங்கள். பாடத்திட்டம் வகுப்பவர்கள் எவரேனும் இதைப் படித்தால், அந்த இரண்டு பாடவேளைகளை அட்டவணையிலேயே சேர்த்துத் தாருங்கள். இல்லையென்றால் பாடத்தை முடிக்கும் அவசரத்தில் முதலில் காணாமற்போவது அவையாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
அந்த ஒற்றை வரியைப் பல ஆண்டுகள் எழுதிவந்த
ஓர் அறிவியல் ஆசிரியை